சுவருக்குச் சுவர் ஒட்டிக் கட்டினால்...
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சென்னையில் வீடு கட்டுகிற விதியைப் பற்றி இங்கே எதுக்குப் பேச்சு என்று பின்வரிசையில் கேட்கிறது. நம்ம குழுப் பணம் அங்கே மாட்டிக்கிடக்கிறதே, அதனால்தான்.

நம் உறுப்பினர் ஒருவர் மகனுக்காகச் சென்னைப் புறநகரில் 20க்கு 40 அடி மனை வாங்கினார். வீடு கட்டக் கடன் கொடுத்தது நாம்தான். "காசு கொடுத்து வாங்கின இடம், ஒரு அடிகூட விடாதீங்கம்மா" என்றார் மேஸ்திரி. எல்லை வரைக்கும் சுவர் எழுப்பியாச்சு. தளம் போட்ட பிறகு நோட்டீஸ் வந்தது. முன் அறையை இடித்தார்கள். அந்தக் கூலியும் அவர் தலையில்தான். தவணை இன்னும் ஓடுகிறது.

வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தைத்தான் 'செட்பேக்' என்கிறார்கள். 2019ல் வந்த கட்டட விதிகளின்படி, முன்பக்கம் எவ்வளவு விடுவது என்பது ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. சின்னத் தெரு என்றால் 1.5 மீட்டர், அதாவது சுமார் 5 அடி. பெரிய ரோட்டுக்கு 6 மீட்டர் வரை போகும். பக்கவாட்டு அளவு மனையின் அகலத்துக்கும் வீட்டின் உயரத்துக்கும் ஏற்ப மாறும். இந்த விதிகள் ஊராட்சிகளுக்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறோம்.

20 அடி அகல மனையில் முன்பக்கம் 5 அடி விட்டால் 100 சதுர அடி போகிறது. 800 சதுர அடியில் அது எட்டில் ஒரு பங்கு. வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் காற்றும் வெளிச்சமும் அந்த வழியாகத்தான் வரவேண்டும். மழைநீர்த் தொட்டிக்கும் இடம் அதுதான். தீப்பிடித்தால் ஆள் நுழைய வேண்டாமா? 2017 மே மாதம் தி.நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. சுற்றிப் போக இடமில்லாமல் தீயணைப்பு வீரர்கள் திணறினார்கள். அது பெரிய கடை, சரி. நம் சின்ன வீட்டுக்குள் தூங்குவது பிள்ளைகள்.

2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் இல்லை. அதற்காகக் காலியிடம் விடாமல் இருக்க முடியாது. விதிப்படி கட்டுவேன் என்று கையெழுத்துப் போடுவது நாம்தான், மேஸ்திரி இல்லை.

அந்த உறுப்பினரை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கடன் கொடுத்த அன்று பிளானைக் காட்டச் சொன்னோமா? பத்திரத்தை மட்டும் பார்த்தோம். இந்த மாதத்திலிருந்து வீட்டுக் கடன் மனுவோடு அனுமதி பெற்ற பிளான் நகலும் வர வேண்டும். அஸ்திவாரம் தோண்டும்போது நம்மில் இரண்டு பேர் டேப்போடு போய் அளந்து பார்த்துவிட்டு வரலாம். அவருடைய தவணையைத் தள்ளி வைப்பது பற்றி இப்போது பேசுவோம்.