தபாலில் வரும் திருவோடு
(நிதி வசூல் இயக்கத்தையொட்டி நடந்த ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

உண்டியல் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கப் போகிறோம். இந்த நேரத்தில் அமெரிக்காவில் கட்சிகள் நடத்தும் வசூலைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. ஏழு கடலுக்கு அப்பாலுள்ள சங்கதி மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் எதற்கு என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. முதலில் சங்கதியைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் பெரிய கட்சிகள் இரண்டு. ஒன்று ஜனநாயகக் கட்சி, மற்றொன்று குடியரசுக் கட்சி. ஆட்சி இந்த இரண்டு கைகளுக்குள்ளேயேதான் மாறி மாறி வருகிறது. ஆனால் ஜனங்கள் எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவர்களா? இல்லை. 2024-ல் காலப் என்னும் கருத்துக் கணிப்பு ஸ்தாபனம் விசாரித்தபோது, நூற்றுக்கு 43 பேர் 'நாங்கள் எந்தக் கட்சியையும் சேர்ந்தவர்களல்ல, சுயேச்சையானவர்கள்' என்றார்கள். இவர்கள் லாரி ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை செய்கிறவர்கள், கடையில் நின்று சரக்கு எடுத்துக் கொடுக்கிறவர்கள், பென்ஷன் வாங்கும் கிழவர்கள். ஒரு தேர்தலில் இவருக்கு, மறு தேர்தலில் அவருக்கு என்று யோசித்து வோட்டுப் போடுகிறவர்கள்.

இப்படிப்பட்ட ஒரு வோட்டரின் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்போம். தேர்தல் நெருங்க நெருங்கப் பெட்டி நிரம்பி வழிகிறது. கவரின் மேல் சிவப்பு எழுத்தில் 'அவசரம்' என்றிருக்கும். சில கவர்கள் சர்க்கார் நோட்டீஸைப் போலவே இருக்கும். உள்ளே 'உங்கள் அபிப்பிராயம் எங்களுக்குத் தேவை' என்று ஒரு கேள்வித்தாள். ஆகா, நம் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்களே என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருகிறார். கேள்விகளைப் படித்தால், 'எதிர்க்கட்சிக்காரர்கள் நாட்டை நாசமாக்குவதை நீங்கள் அனுமதிப்பீர்களா?' என்ற தோரணையில்தான் எல்லாம் இருக்கின்றன. இதற்கு இரண்டு பதில் உண்டா? கடைசிக் கேள்விதான் மெய்யான கேள்வி: 'எவ்வளவு அனுப்புகிறீர்கள்? 25 டாலரா, 50 டாலரா, 100 டாலரா?' மறுநாள் எதிர்க்கட்சியிடமிருந்து இன்னொரு கவர் வருகிறது. கட்சியின் பெயரும் பூச்சாண்டியின் பெயரும்தான் மாறியிருக்கின்றன. கடிதம் அதே கடிதம்தான்.

இவருடைய விலாசம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? இதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1964 ஜனாதிபதித் தேர்தலில் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தார். அவருக்குப் பணம் கொடுத்தவர்களின் ஜாபிதா வாஷிங்டனில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் இருந்தது. ரிச்சர்ட் விகுரி என்ற வலதுசாரி இளைஞர் அங்கே போய், 12,500 பெயர்களையும் விலாசங்களையும் கையாலேயே எழுதி எடுத்து வந்தார். அந்தக் காகிதங்களே முதலாக 1965-ல் கடித வசூல் கம்பெனி ஆரம்பித்தார். 1972-ல் ஜனநாயகக் கட்சியின் மெக்கவர்னும் இதே கடித முறையில் ஏராளமாகத் திரட்டினார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, மின்னஞ்சல் வந்தது, செல்போன் வந்தது. இன்று வோட்டர் ஜாபிதாவும் நன்கொடையாளர் ஜாபிதாவும் கடைச் சரக்காகிவிட்டன. விலைக்கும் கிடைக்கும், வாடகைக்கும் கிடைக்கும். ஒரு முறை 10 டாலர் கொடுத்துவிட்டால் போதும், கொடுத்தவரின் பெயரே சந்தைக்குப் போய்விடுகிறது. கேட்டறியாத அபேட்சகர்களெல்லாம் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

'எனக்கு அனுப்பாதே' என்று சொல்ல முடியாதா? வியாபாரிகளிடம் சொல்லலாம். வேண்டாத டெலிபோன் விளம்பரங்களைத் தடுக்க 2003-ல் அங்கே ஒரு பதிவேடு ஏற்படுத்தினார்கள். ஆனால் அரசியல் வசூலுக்கு அதிலிருந்து விலக்கு! அதே வருடம் வேண்டாத மின்னஞ்சலுக்கு எதிராகவும் சட்டம் வந்தது. அது வியாபார அஞ்சலைத்தான் கட்டுப்படுத்துகிறது. கட்சி அஞ்சலைத் தொடவில்லை. அது மட்டுமா? தர்ம ஸ்தாபனங்களுக்குத் தரும் மலிவான தபால் கட்டணம் 1978 முதல் கட்சிக் கமிட்டிகளுக்கும் கிடைக்கிறது. சட்டம் போடுகிறவர்களும் கடிதம் போடுகிறவர்களும் ஒரே ஆட்களாயிருக்கும்போது வேறென்ன நடக்கும்?

இதில் பித்தலாட்டங்களும் உண்டு. ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நோட்டீஸ் போலவே தயாரித்த வசூல் கடிதங்களைக் குடியரசுக் கட்சிக் கமிட்டி அனுப்பியது. அப்படி ஏமாற்றுவதைத் தடுக்க 2010-ல் அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரஸ் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. 2020 தேர்தலில் டிரம்ப் தரப்பார் இன்னொரு தந்திரம் செய்தார்கள். பணம் கட்டும் பாரத்தில் 'வாராவாரம் இதே தொகையை எடுத்துக்கொள்' என்ற கட்டத்தில் அவர்களே முன்கூட்டி டிக் அடித்து வைத்தார்கள். அதைக் கவனித்து அழிக்காதவர்களின் பாங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. கூக்குரல் எழுந்தது. டிரம்ப் தரப்பும் அவருடைய கட்சியும் 12 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஜனநாயகக் கட்சிக் கமிட்டியும் முன்கூட்டி டிக் அடித்த கட்டங்களைப் பயன்படுத்தியதுதான். 2021 மே மாதம் அங்குள்ள தேர்தல் கமிஷன், இந்த வழக்கத்தைத் தடை செய்யும்படி காங்கிரசுக்கு ஏகமனதாகச் சிபாரிசு செய்தது. 2024-ல் சி.என்.என். செய்தி ஸ்தாபனம் விசாரித்தபோது, ஞாபக சக்தி மங்கிய முதியவர்கள் தாம் என்ன செய்கிறோம் என்று அறியாமலேயே வாழ்நாள் சேமிப்பை இந்த வசூல்காரர்களுக்கு இழந்திருப்பது தெரிய வந்தது. இரு கட்சிகளின் தரப்பிலும் இது நடந்திருக்கிறது.

தோழர்களே! அந்தச் சுயேச்சை வோட்டருக்கு ஏன் எரிச்சல் வருகிறது? காகிதம் குவிகிறது என்பதற்காக மட்டுமல்ல. 'என்னிடம் நிறையக் கேட்கிறார்கள். எனக்காக எதுவும் பேசவில்லையே' என்பதுதான் அவருடைய எரிச்சல். கூலி விஷயத்தைப் பாருங்கள். அமெரிக்க மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். இது 2009 ஜூலையில் வந்தது. 2025 முடியும் வரை ஒரு சென்ட்கூட உயரவில்லை. பல மாகாணங்கள் தாமாகக் கூட்டியிருக்கின்றன. மற்ற மாகாணங்களில் இதே கூலிதான். 2021 மார்ச் 5 அன்று 15 டாலராக்கும் யோசனை செனட் சபையில் வோட்டுக்கு வந்தது. குடியரசுக் கட்சியார் அனைவரும் எதிர்த்தார்கள். ஜனநாயகக் கட்சி அணியிலிருந்தும் 8 பேர் அவர்களோடு சேர்ந்து எதிர்த்தார்கள். எதிர்த்தவர் 58, ஆதரித்தவர் 42, யோசனை வீழ்ந்தது. ஆனால் 25 டாலர் கேட்கும் கடிதம் மட்டும் வீழவில்லை. 7 டாலர் 25 சென்ட் கூலிக்காரருக்கு 25 டாலர் என்பது ஏறக்குறைய மூன்றரை மணி நேர உழைப்பு!

இன்னொரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். கட்சி அபேட்சகரைப் பொறுக்கி எடுக்க அங்கே முன் தேர்தல் உண்டு. பென்சில்வேனியா போன்ற மாகாணங்களில் அதன் செலவை ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து சர்க்கார் செய்கிறது. ஆனால் கட்சியில் பெயர் பதியாத சுயேச்சை வோட்டர், கட்சி அபேட்சகரைப் பொறுக்கும் அந்தத் தேர்தலில் வோட்டுப் போட முடியாது. வரி கொடுக்கலாம், நன்கொடை கொடுக்கலாம், வோட்டு மட்டும் கூடாது! இது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சில்லறையைக் கொண்டுதான் அங்கே தேர்தல் நடக்கிறதா? 1896-லேயே மார்க் ஹானா என்ற முதலாளி, மெக்கின்லியை ஜனாதிபதியாக்க, பாங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் வரி போடுவதைப் போல வசூலித்தார். ஜனங்கள் கொதித்ததால் 1907-ல் கம்பெனிகள் அபேட்சகருக்குப் பணம் கொடுப்பதைத் தடுத்துச் சட்டம் வந்தது. ஆனால் 2010-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட், 5 நீதிபதிகள் ஒரு பக்கமும் 4 நீதிபதிகள் மறு பக்கமுமாகத் தீர்ப்பளித்து, அபேட்சகரின் கையில் நேராகக் கொடுக்காதவரை கம்பெனிகள் தேர்தலில் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 2020 தேர்தல்களுக்கு மொத்தம் 1,400 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. 2024-ல் எலான் மஸ்க் என்ற ஒரே கோடீஸ்வரர் 25 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். 7 டாலர் 25 சென்ட் கூலிக்காரர் இந்த 25 கோடியைச் சம்பாதிக்க, ஒரு சென்ட்கூடச் செலவழிக்காமல் 16,000 வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும்! கோடீஸ்வரர் கொடுத்தால் மந்திரிகள் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். கூலிக்காரர் கொடுத்தால் அவருக்கு இன்னொரு கடிதம்தான் வருகிறது.

சிறு நன்கொடை கேட்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2016-ல் பெர்னி சாண்டர்ஸ் லட்சக்கணக்கானவர்களிடம் சராசரி 27 டாலர் என்று திரட்டி, கோடீஸ்வரர்களைச் சாராமல் நின்று காட்டினார். அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே ரயில்வே தொழிலாளியாயிருந்த யூஜின் டெப்ஸ் நமக்கு வழி காட்டியிருக்கிறார். 1908-ல் சோஷலிஸ்டுக் கட்சி அபேட்சகராக அவர் நின்றபோது, தொழிலாளர்கள் போட்ட சில்லறையில் ஒரு ரயிலையே வாடகைக்கு எடுத்தார்கள். 'சிவப்பு ஸ்பெஷல்' என்று அதற்குப் பெயர். ஊர் ஊராய்ப் போய் அவர் பேசினார். 1920-ல் யுத்தத்தை எதிர்த்துப் பேசிய குற்றத்துக்காக அட்லாண்டா சிறையில் இருந்தபடியே ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றார். 9 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அவருக்கு வோட்டளித்தார்கள். சில்லறை போட்டவருக்கு அந்த ரயில் கண்ணெதிரே வந்து நின்றது. தன் கூலியைப் பற்றியும் தன் சங்கத்தைப் பற்றியும் மேடையில் பேசுவதைத் தன் காதாலேயே கேட்டார்.

நம் நாட்டிலும் டாலர் மன்னர்களின் தம்பிகள் இருக்கிறார்கள். 2018-ல் தேர்தல் பத்திரத் திட்டம் வந்தது. எந்தக் கம்பெனி எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று வோட்டருக்குத் தெரியக்கூடாது என்பதே அதன் ஏற்பாடு. 2024 பிப்ரவரி 15 அன்று சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகளும் ஏகமனதாக அதை ரத்து செய்தார்கள். வோட்டருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்றார்கள். இடதுசாரிக் கட்சிகள் அந்தப் பத்திரத்தைக் கையால் தொடவில்லை. இதை நாம் தலை நிமிர்ந்து சொல்லலாம்.

ஆனால் தலை நிமிர்ந்து சொன்னால் மட்டும் போதாது. அமெரிக்கச் சங்கதியை இங்கே பேசியதற்குக் காரணம் இதுதான். நம் தெருவிலும் சுயேச்சை வோட்டர் இருக்கிறார். அவர் நம் கட்சியில் இல்லை. எந்தக் கட்சியிலும் இல்லை. பக்கத்துத் தறியில் நிற்கிறார். அடுத்த வரப்பில் நாற்று நடுகிறார். நாம் உண்டியலை நீட்டும்போது, 'வசூலுக்கு வரத் தெரிகிறது. போன தடவை கொடுத்தது என்னவாயிற்று?' என்று கேட்கிறார். அவரை விரோதி என்று எண்ணிவிடாதீர்கள். அவர் கேட்பது நியாயம். பதில் சொல்வது நம் கடமை.

ஆகவே இந்த வசூலில் சிலவற்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்போம். உண்டியல் திறக்கும்போது கிளைத் தோழர்களுடன் தெருக்காரர் இருவரும் உடனிருந்து எண்ணட்டும். பெரிய தொகையானால் ரசீது கொடுக்காமல் வாங்கக்கூடாது. வரவு செலவைத் தெருக் கூட்டத்தில், வெளியார் காதில் விழும்படி வாசிக்க வேண்டும். பயம் காட்டிக் கேட்கக்கூடாது. இன்றைக்கு நீங்கள் கொடுக்காவிட்டால் நாளைக்கு உலகமே கவிழ்ந்துவிடும் என்று பேசாதீர்கள். எதற்குக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். பஞ்சப்படி வழக்குக்கா, கூலி உயர்வுப் போராட்டத்துக்கா, பத்திரிகைக்கா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சம்பள நாளில் கடன்காரன் வாசலில் நிற்கும்போது நாமும் போய்க் கூட நிற்க வேண்டாம். இல்லை என்றவரை இன்னொரு முறை வற்புறுத்த வேண்டாம். அவர் முகத்தைக் குறித்து வைக்கவும் வேண்டாம். கொடுத்தவர், கொடுக்காதவர் இருவர் வீட்டுக்கும் ரேஷன் கார்டுப் பிரச்னைக்கும் கூலிப் பாக்கிக்கும் போய் நில்லுங்கள். வசூல் முடிந்த பிறகும் அந்தத் தெருவில் நம் கால் பட வேண்டும்.

ஒரு ரூபாய் போட்டவர் நம் கொள்கையை ஏற்காதவராயிருக்கலாம். கூட்டத்தில் எழுந்து அவர் கேள்வி கேட்டால், உட்காரச் சொல்லாதீர்கள். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாவிட்டால் விசாரித்துக்கொண்டு அடுத்த வாரம் அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள்.

நாளைக் காலை முதல் ஷிப்டு விடும் நேரத்தில் மில் வாசலில் ஆரம்பிக்கிறோம். கிராமக் கிளைகள் நடவு முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் மாலை நேரத்தில் ஆரம்பிக்கட்டும். போன வருடத்துக் கணக்குத் தாளை ஒவ்வொரு குழுவும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கேட்கிறவருக்கு முதலில் அதைக் காட்டுங்கள். அப்புறம் உண்டியலை நீட்டுங்கள்.