பதவிக்குப் பின் ஒரு பணி



அமெரிக்க நாட்டின் ஆறாவது குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அவர்களின் வாழ்வைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

1767-ஆம் ஆண்டில் பிறந்த அவர், இரண்டாவது குடியரசுத் தலைவராகிய ஜான் ஆடம்ஸின் மைந்தர். ஐரோப்பிய நாடுகளில் தூதராகவும், பின்னர் எட்டாண்டுகள் வெளியுறவுச் செயலராகவும் விளங்கியவர். 1825-இல் குடியரசுத் தலைவரானார். நாட்டிற்கொரு பல்கலைக்கழகமும் வானாய்வுக் கூடமும் வேண்டும் என்றார், காங்கிரஸ் செவிசாய்க்கவில்லை. 1828-இல் நடந்த தேர்தலில் தோற்றார்.

அடிமைமுறை கொடியது என்பதை 1820-லேயே அவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருந்தார். எனினும், குடியரசுத் தலைவராக இருந்த நாளில் அதனை எதிர்த்து வெளிப்படையாகப் போராடினாரில்லை. இக்குறையை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

பதவி நீங்கியோர் ஓய்வை நாடுவர். அவரோ 1831-இல் பிரதிநிதிகள் சபையில் சாதாரண உறுப்பினராகச் சென்று அமர்ந்தார். அடிமைமுறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பங்கள் அங்கே குவிந்தன. அவற்றைப் படிக்காமலும் விவாதிக்காமலும் ஒதுக்கிவிட வேண்டுமென 1836-இல் சபை விதி செய்தது. ஆடம்ஸ் கூட்டத்தொடர்தோறும் எழுந்து அவ்விதியை எதிர்த்தார். 1837-இல், அடிமைகளே அனுப்பியதாகக் கூறப்பட்ட விண்ணப்பம் ஒன்றைக் குறித்து, அது அவ்விதிக்கு உட்பட்டதோ என வினவினார். சபை கொதித்தெழுந்தது, அவரைக் கண்டிக்கத் தீர்மானம் வந்தது, நிறைவேறவில்லை. எத்துணைத் தாழ்ந்த நிலையில் உள்ளவர்க்கும் முறையிடும் உரிமை உண்டு என்பதே அவர் வாதம். 1844-இல் அவ்விதி நீக்கப்பட்டது.

1841-இல், தம் எழுபத்து மூன்றாம் வயதில், உச்சநீதிமன்றத்தில் வழக்காட நின்றார். ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு, ஆமிஸ்டாட் என்னும் கப்பலில் கிளர்ந்தெழுந்து விடுதலை தேடியோரின் வழக்கு அது. அவர்கள் சுதந்திர மனிதர்களே எனத் தீர்ப்பாயிற்று.

1848 பிப்ரவரி 21-ஆம் நாள் சபையிலேயே மயங்கி வீழ்ந்தார். இரு நாளில் அக்கட்டடத்திலேயே உயிர்நீத்தார். அந்நாட்டில் அடிமைமுறை ஒழிந்ததோ 1865-இல்தான்.

அன்பர்களே, எழுதிக் கொடுத்த மனு படிக்கப்படாமலே கிடப்பதன் துயரை நாம் அறிவோம். நம் சங்கத்தின் துணையால் கற்ற பிள்ளைகள் நாளை அலுவலக நாற்காலியில் அமரும்போது, முன்னே வரும் ஏழையின் மனுவை முதலில் படிக்க வேண்டும். ஆடம்ஸ் பதவி நீங்கிய பின்னரே வாய் திறந்தார். நம் பிள்ளைகள் பதவியில் இருக்கும்போதே பேச வேண்டும். கல்வி அத்துணிவைத் தருக எனக் கூறி அமைகின்றோம்.