ஹெட்போனுக்கு ஏற்ற பெருக்கி

இரவு பத்து மணிக்கு மேல் நல்ல கச்சேரி ஒன்றைக் கேட்கவேண்டும் என்ற ஆவல் எழுகிறது. அடுத்த அறையில் குழந்தைகள் உறங்குகிறார்கள். சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் இருக்கிறார்கள். நகரத்துக் குடியிருப்புகளில் வாழும் நம்மில் பலருக்கு இசைக்கென்று கிடைக்கும் பொழுது இதுவே. அப்பொழுது துணையாவது ஹெட்போன். அதை வாங்கிய சில நாட்களில், "இதற்குத் தனியாக ஒரு பெருக்கி வேண்டாமா?" என்னும் வினா எழுகிறது. கடைக்காரர் வேண்டும் என்கிறார். நண்பர் வேண்டாம் என்கிறார். மாத வருவாயில் குடும்பம் நடத்துவோர் இவ்வினாவுக்குத் தாமே விடை காணும் வழியை இன்று ஆராய்வோம்.

பெருக்கி என்பது, மெல்லிய மின்குறியை ஹெட்போனின் ஒலித்தகட்டை அசைக்கும் வலிமையுள்ளதாக ஆக்கும் கருவி. எவ்வளவு வலிமை வேண்டும் என்பதை இரண்டு எண்கள் அறிவிக்கின்றன. ஒன்று, ஓம் என்னும் அலகில் கூறப்படும் மின்மறுப்பு. மற்றொன்று, டெசிபலில் கூறப்படும் உணர்திறன். ஹெட்போனுடன் வரும் குறிப்புத்தாளில் இவ்விரண்டும் அச்சிடப்பட்டிருக்கும்.

மின்மறுப்பைக் குழாயின் குறுக்கத்திற்கு ஒப்பிடலாம். குறுகிய குழாயில் நீரைச் செலுத்த மிகுந்த அழுத்தம் வேண்டும். அகன்ற குழாய்க்கு அழுத்தம் குறைவாயினும் நீர் மிகுதியாக வேண்டும். அவ்வாறே, மின்மறுப்பு மிக்க ஹெட்போனுக்கு மின்னழுத்தமும், குறைந்ததற்கு மின்னோட்டமும் கூடுதலாகத் தேவைப்படும். பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 770 புரோ என்னும் ஹெட்போன் 32, 80, 250 ஓம் என மூவகையில் வந்துள்ளது. பெயர் ஒன்றாயினும் தேவை ஒன்றன்று. ஆதலின், பெயரை மட்டும் பார்த்துப் பெருக்கி வாங்குதல் தவறாகும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சென்ஹைசர் எச்.டி. 600 ஹெட்போனின் மின்மறுப்பு 300 ஓம். அதற்கு 1 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் 97 டெசிபல் ஒலி எழும். தனி ஆவர்த்தனத்தின் உச்ச முழக்கத்தை 110 டெசிபல் அளவில் கேட்க விரும்பினாலும், அதற்கு வேண்டியது ஏறத்தாழ நாலரை வோல்ட். திறனாகக் கணக்கிட்டால் 70 மில்லிவாட்டுக்கும் குறைவே. விளம்பரத்தில் காணும் ஆயிரம் மில்லிவாட் இதற்கு எதற்கு? உணர்திறன் மிகக் குறைந்த சில பிளானர் வகை ஹெட்போன்களுக்கே பெருந்திறன் பயன்படும்.

வாங்குமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மெல்லிய ஒலியில் பதிவான ஆலாபனை ஒன்றைத் தற்போதுள்ள கருவியில் கேளுங்கள். ஒலியளவைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். இறுதி எல்லைக்கு வருமுன்பே போதுமென்று தோன்றுகிறதா? இரைச்சலோ சிதைவோ இல்லையா? அப்படியாயின் பெருக்கி உங்களுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தைச் சிறந்த ஹெட்போனுக்கெனச் சேமித்தல் நலம். இசையின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பது அதுவே.

தேவை என்று தெளிந்தபின் மூன்று குணங்களைப் பாருங்கள். முதலாவது, பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு. இது ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்கை மீறாதிருத்தல் நன்று. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்கு மேற்பட்டால், சிலவற்றில் ஒலியின் சமநிலை மாறக்கூடும். இரண்டாவது, பெருக்கத்தின் அளவைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு விசை. அது இல்லையேல், உணர்திறன் மிக்க ஹெட்போனில் குமிழைச் சற்றே திருப்பியதும் ஒலி அளவு மீறும். மூன்றாவது, பாட்டு நிற்கும்போது அமைதி. அந்நேரத்தில் 'உஸ்' என்னும் ஓசை கேட்குமாயின் அக்கருவியை விட்டுவிடலாம்.

இக்குணங்களுக்குப் பெரும் பொருள் செலவிடவேண்டுவதில்லை. 2011-ஆம் ஆண்டில், தம் இயற்பெயரை வெளியிடாத பொறியாளர் ஒருவர் 'ஓ2' என்னும் பெருக்கியின் சுற்றுவரைபடத்தை, அளவீடுகளுடன் எல்லோருக்கும் வெளியிட்டார். எளிய உறுப்புகளால் ஆன அது இரண்டு 9 வோல்ட் மின்கலங்களில் இயங்கியது. குறைந்த செலவிலும் தூய ஒலி பெறலாம் என்பதற்கு அது சான்றாயிற்று.

கடையில் இரண்டு பெருக்கிகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருக்கட்டும். சற்று உரத்து ஒலிப்பதே சிறந்தது என்று செவி ஏமாறுவது இயல்பு. விலையுயர்ந்த கருவிகள் பல விற்பனையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுதியாக, திறன் மிக்க பெருக்கி வலிமையான கருவி என்பதை மறவாதீர்கள். வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலே எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 90 டெசிபலில் அந்த எல்லை 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். பெருக்கி பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். உட்செவியின் நுண்ணிய உணர்விழைகள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே, பெருக்கியை அணைத்திருக்கும்போதே ஹெட்போனை இணையுங்கள். குமிழைக் கீழே வைத்துத் தொடங்குங்கள். தேவையை அளந்து வாங்கிய சிறு கருவி, பல ஆண்டுகள் உங்கள் இரவுகளுக்கு இசை தரும்.