கொடையுறுப்பும் கண்காணாக் கிருமியும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இறைவனுக்குத் தம் கண்ணையே ஈந்த கண்ணப்ப நாயனாரின் சரிதத்தைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உறுப்பைக் கொடையாக ஈதல் நமக்குப் புதிய எண்ணமன்று. மருத்துவ உலகம் அதனைச் செய்து காட்டிய நாள் 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23. அன்று அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் டாக்டர் ஜோசப் மறே குழுவினர், ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டனர்.

அவர்கள் ஒரே கருவிற் பிறந்த இரட்டையர். ஆகையால் உடல் அவ்வுறுப்பை அந்நியமெனத் தள்ளவில்லை. ஏனையோர் நிலை வேறு. நம் உடலில் நோயெதிர்ப்புச் சக்தி என்றொரு காவற்படை உண்டு. அது கொடையுறுப்பையும் பகையென்றே கருதித் தாக்கும். எனவே அதனை அடக்கும் குளிசைகளை, அவ்வுறுப்பு இயங்கும் காலமெல்லாம் உட்கொள்ள வேண்டும். காவலாளியைக் கட்டிவைத்தால் விருந்தாளி நிம்மதியாக இருப்பான். ஆனால் கள்வனுக்கும் கதவு திறந்துவிடும். அக்கள்வருள் முக்கியமானவை வைரசுகள். அவை வரும் வழிகள் மூன்று.

முதலாவது, நம்முள்ளேயே உறங்குபவை. சைற்றோமெகலோ வைரசு பலருக்கு இளமையிலேயே தொற்றி, அறிகுறியின்றி வாழ்நாள் முழுவதும் உடலில் உறங்கும். காவல் தளர்ந்ததும் விழித்துக் காய்ச்சலை உண்டாக்கி, நுரையீரலையும் குடலையும் தாக்கும். கொப்புளிப்பான் வைரசு அக்கியாக மீண்டும் எழும். 1971இல் ஒரு சிறுநீரக நோயாளியின் சிறுநீரிற் கண்டறியப்பட்டு, அவர் பெயரின் முதலெழுத்துக்களால் வழங்கும் பீ.கே. வைரசோ புதிய சிறுநீரகத்தையே பழுதாக்கும். அதற்கு வைத்தியர்கள் அடக்கும் மருந்தைக் குறைப்பர். மிகக் குறைத்தால் உடல் உறுப்பைத் தள்ளிவிடும். இரண்டுக்கும் நடுவே அவர்கள் நடப்பது கத்திமுனை நடை.

இரண்டாவது, உறுப்போடு வருபவை. கொடையாளியிடம் சைற்றோமெகலோ வைரசு இருந்து, பெறுபவர் அதனை முன்பு அறியாதவராயின் ஆபத்து மிகுதி. இதற்காகவே முதற் சில மாதங்கள் தடுப்பு மருந்து கொடுத்து, இரத்தத்தையும் பரிசோதிக்கின்றனர். 2004இல் ரெக்சாஸ் மாநிலத்தில், விசர்நாய்க்கடி நோய் இருந்தது அறியப்படாத ஒருவருடைய உறுப்புகளையும் இரத்தக்குழாய்த் துண்டையும் பெற்ற நால்வர் மாண்டனர். இஃது மிக மிக அரிது. இதைக் கேட்டு எவரும் கொடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. கொடையாளியைத் தீரப் பரிசோதிப்பதன் அவசியத்தையே இது உணர்த்துகிறது.

மூன்றாவது, வெளியிலிருந்து வருபவை. இன்புளுவென்சா, கொவிட், சின்னமுத்து, கொப்புளிப்பான் ஆகியன இவ்வகை. இவற்றைக் கொண்டு செல்பவர்கள் பெரும்பாலும் நாமே!

நம் வழக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பினால், மறுநாளே உற்றார் உறவினர் குழந்தை குட்டிகளுடன் சுகம் விசாரிக்கச் செல்வோம். செல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும். ஆயினும் தடிமனோடு அவர் அருகில் அமர்வது அன்பாகுமா? நமக்கு இரண்டு நாள் தும்மல், அவருக்கோ உயிராபத்து. வாசலில் நின்று விசாரிப்பதும், சுகமானபின் செல்வதும் மரியாதைக் குறைவல்ல என்று பெரியோர்களே இளையோருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அவ்வீட்டார் வைத்தியரைக் கேட்டு உரிய தடுப்பூசிகளைப் பெறுதல் நன்று. நோயாளி தமக்குரிய ஊசிகளை இயன்றவரை சத்திரசிகிச்சைக்கு முன்னரே பெறுதல் வேண்டும். உயிருள்ள கிருமியாலான தடுப்பூசிகள் பின்னர் பொதுவாகத் தவிர்க்கப்படும். காய்ச்சல் சிறிதாயினும் அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். குளிசைகளைத் தாமாக நிறுத்துவதும், வைத்தியருக்குச் சொல்லாமல் வேறு மருந்துகளைச் சேர்ப்பதும் கூடாது.

உறுப்பைக் கொடுப்பவர் ஒருவர். அதனைக் காப்பவர் ஊரார் அனைவரும். கையைக் கழுவுவதும், தடிமன் வந்தால் விலகி நிற்பதும் சிறு செயல்களே. எனினும் ஒரு பெருங்கொடையை வீணாகாமற் காக்கும் தொண்டு அதுவே. அத்தொண்டில் நம் சங்கத்து இளைஞர்கள் முன்னிற்பார்களாக.