ஐந்தாம் முறையும் வெளியே சென்றவர்

(பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு வானொலி மறையுரை – மத்தேயு 20:1-16)



பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞர்கள் பலர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு வருவதில்லை. ஞாயிறு திருப்பலியிலும் கடைசியில் நின்று, நற்கருணை வாங்கியதும் கிளம்பிவிடுகிறார்கள். "தம்பி, இப்ப என்ன பண்றே?" என்ற கேள்விக்குப் பயந்துதான். நாம் அக்கறையோடுதான் கேட்கிறோம். ஆனால் தவறு அவன்மேல்தான் என்ற தீர்ப்பும் அதில் சேர்ந்துவிடுகிறது.

இன்றைய நற்செய்தியிலும் அப்படியொரு கேள்வி வருகிறது. மாலை ஐந்து மணி. நாளெல்லாம் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று நிலக்கிழார் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் சந்தைவெளியில் நின்றவர்கள். நிலக்கிழார் அந்தப் பதிலை நம்பினார். அறிவுரை சொல்லவில்லை, விடியற்காலையில் வேலைக்குப் போனவர்களோடு ஒப்பிடவில்லை. தம் தோட்டத்துக்குப் போகச் சொன்னார்.

நம் பிள்ளைகளும் சந்தைவெளியில்தான் நிற்கிறார்கள். 2022இல் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 தேர்வுக்கு 7,301 இடங்களை அறிவித்தது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற அந்தத் தேர்வைப் பட்டதாரிகளும் எழுதினார்கள். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 300 பேர். இடம் கிடைக்காத மற்ற 299 பேரையும் சோம்பேறிகள் என்று சொல்ல முடியுமா?

புனித இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். வேலையின்மை எந்நிலையிலும் ஒரு தீமையே என்றார் அவர். தகுந்த கல்வியும் பயிற்சியும் பெற்றபின்னும் வேலை கிடைக்காத இளையோரின் வேதனையை அதில் தனியாகவே குறிப்பிட்டார்.

நிலக்கிழார் அன்று ஐந்து முறை வெளியே சென்று ஆள் தேடினார். ஒருமுறை விசாரித்ததோடு நம் கடமை முடிந்துவிடாது. பட்டறையோ கடையோ நடத்துபவர்கள், பயிற்சி என்று சொல்லி இலவசமாக உழைப்பை வாங்காமல், நியாயமான சம்பளத்துக்கு ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளலாம். அலுவலகங்களில் இருப்பவர்கள் காலியிடம் வந்தால் அன்பியத்தில் சொல்லலாம். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகர்களைப் பற்றி எச்சரிக்கலாம். பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பேசாதிருங்கள்.

அன்பு இளையோரே, கடைசியில் வந்தவர்களுக்கும் ஒரு தெனாரியம் கிடைத்தது. அன்று ஒரு குடும்பம் சாப்பிடத் தேவையான முழு நாள் கூலி அது. தாமதமாக வந்ததால் ஆண்டவர் கண்ணில் அவர்கள் மதிப்புக் குறையவில்லை. உங்கள் மதிப்பும் குறையவில்லை. தச்சுத் தொழில் செய்த நாசரேத்தூர் இயேசுவுக்குச் சிறிய வேலை என்று எதுவுமில்லை. அடுத்த ஞாயிறு முன்வரிசைக்கு வாருங்கள்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.