வெட்கப்பட்டால் நோய் தெரியாது



மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். வயிற்றுக் கோளாறு வந்தால் பலர் மருந்துக் கடைக்குத்தான் போகிறார்கள். "வயிறு சரியில்லை, ஒரு மாத்திரை கொடுங்க" என்று கேட்கிறார்கள்.

தாராவியில் தையல் வேலை செய்யும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு மாதமாக வயிற்றுப்போக்கு. சளி கலந்து போகிறது. சில நாள் இரத்தமும் தெரிகிறது. கடை மாத்திரை போட்டால் இரண்டு நாள் நிற்கும். மறுபடியும் வரும். தைத்த துணிக்குத்தான் கூலி. படுத்த நாளுக்குக் கூலி இல்லை.

கடைசியில் சயான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். லோகமான்ய திலகர் ஆஸ்பத்திரி என்பது அதன் பெயர். 1947-இல் தொடங்கியது. மாநகராட்சி நடத்துவது. அங்கே டாக்டர் மலப் பரிசோதனை எழுதித் தருகிறார். அவளுக்கு ஒரே வெட்கம். "அதைப் போய் எப்படிக் கொண்டு வருவது?" என்று தயங்குகிறாள்.

வெட்கம் எதற்கு? வயிற்றுப்போக்கு ஒன்றுதான். காரணம் பல. அமீபாவாக இருக்கலாம். வேறு கிருமியாக இருக்கலாம். குடலில் புண்ணோ கட்டியோ இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அமீபா தெரியும். புழுவின் முட்டை தெரியும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தையும் கண்டுபிடிக்கலாம்.

வயிற்றுப் புண் காரத்தாலும் கவலையாலும் வருகிறது என்று ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பினார்கள். ஆஸ்திரேலிய டாக்டர்கள் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் ஒரு கிருமியைக் காட்டினார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தார். அவர் வயிறு கெட்டது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமியையும் மலப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

மலத்தை எப்படிக் கொண்டு போவது? பரிசோதனைக் கூடத்தில் மூடி போட்ட டப்பா கேளுங்கள். பொதுக் கழிப்பறை என்றால் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, அதில் பிடியுங்கள். தண்ணீரோ சிறுநீரோ கலக்கக் கூடாது. சளியோ இரத்தமோ உள்ள இடத்திலிருந்து கொஞ்சம் எடுங்கள். டப்பாவின் மேல் பெயர் எழுதுங்கள். எழுதப் படிக்கக் கற்றது இதற்கும் உதவும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உடனே கொண்டுபோய்க் கொடுங்கள். நேரமானால் அமீபா செத்துவிடும். முன்பே மாத்திரை சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஒரு முறையில் தெரியாவிட்டால் மறுபடியும் கேட்பார்கள். சலிக்காதீர்கள்.

மலத்தில் இரத்தம் வந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போங்கள்.

அந்தத் தையற்காரப் பெண் மறுநாள் டப்பாவைக் கொடுக்கிறாள். அமீபா என்று தெரிகிறது. அதற்குரிய மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடுகிறாள். பிறகு மிஷினில் உட்காருகிறாள். ஒரு மாதம் மாத்திரைக் கடைக்குக் கொடுத்த பணத்தை நினைத்துப் பார்க்கிறாள்.