நேற்றைய 'மதராசி'யும் இன்றைய 'வங்கதேசி'யும்

(டிராம்பே பகுதிக் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



டிராம்பேயின் சீட்டா கேம்ப் வெளியேற்றத்தில் பிறந்த குடியிருப்பு. அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி, அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம் இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 70,000 மக்கள் கழிமுகச் சதுப்பு நிலத்திற்கு அப்புறப்படுத்தப்பட்டனர். அவர்களில் தமிழர் கணிசமானோர். இடிப்பை எதிர்த்து அம்மக்களைத் திரட்டிய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர்.

துறைமுகம், ஆலைகள், தாராவியின் தோல் பதனிடும் தொழில், 1950களில் டிராம்பேயில் எழுந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் ஆகிய அனைத்துக்கும் மலிவான உழைப்பு தேவைப்பட்டது. உழைப்பை அழைத்த நகரம், உழைப்பவருக்குக் குடியிருக்க இடம் தரவில்லை.

1966இல் சிவசேனை தோன்றியது. மராத்தியருக்கு வேலையில்லாமைக்குத் தென்னிந்தியரே காரணம் என்றது. மொழிவழி மாநிலத்துக்கான சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தில் முன்னணியில் நின்ற கம்யூனிஸ்டுகள், மராத்தி மக்களின் உரிமைக்கு எதிரிகள் அல்லர். ஆயினும் 1970 ஜூன் மாதம், கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினரும் ஆலைத் தொழிலாளர் தலைவருமான கிருஷ்ண தேசாய் படுகொலை செய்யப்பட்டார். அவர் மராத்தியர். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டோர் சிவசேனையினர். அதனால் நிகழ்ந்த இடைத்தேர்தலில்தான் சிவசேனையின் முதல் சட்டமன்ற உறுப்பினர் வெற்றி பெற்றார். 'மதராசி' எதிர்ப்பு யாருக்குப் பயன்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. செங்கொடிச் சங்கங்கள் பலவீனமடைந்தன. ஆலை முதலாளிகள் ஆதாயமடைந்தனர்.

பின்னர் இலக்கு மாறியது. 1992–93இல் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். 2008இல் உத்தரப்பிரதேச, பீகார் தொழிலாளர்களை மகாராஷ்டிர நவநிர்மாண் சேனை தாக்கியது. 2025இல் மகாராஷ்டிரத்தில் பிடிக்கப்பட்ட மேற்கு வங்கத் தொழிலாளர் சிலர், 'வங்கதேசிகள்' என்று எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, இந்தியர் என்று உறுதியானபின் திரும்ப அழைக்கப்பட்டனர்.

தமிழகமும் விதிவிலக்கன்று. இங்கே 'மதராசி' என்ற ஏளனம். அங்கே 'வடக்கன்' என்ற ஏளனம். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரப்பப்பட்டபோது, அச்சத்தில் பலர் ஊர் திரும்பினர். திருப்பூரின் தையல் எந்திரங்களை இன்று இயக்குவோரில் பலர் அவர்களே. குறைந்த கூலியை நிர்ணயிப்பது முதலாளி. பழி விழுவதோ கூலி பெறுபவன்மீது.

1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாக வழங்கியது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் படி இல்லை. மண்ணின் மைந்தர் பேசும் கட்சிகள் இதற்காகப் போராடவில்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் லாரிகளில் ஏற்றி இறக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று டிராம்பேயில் வாக்காளர்கள். புதிதாக வரும் வங்காளியைச் சந்தேகிக்கும் கூட்டத்தில் அவர்கள் சேர்ந்தால், 1966இன் கொலைவெறி முழக்கத்திற்குத் தமிழில் விளக்கம் எழுதியவர்களாவர். ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் பகுதிப் புதிய தொழிலாளரைச் சந்திக்க வேண்டும். மொழி பாராது சங்கத்தில் சேர்க்க வேண்டும். ஆவணம் கேட்டு யாரேனும் அழைத்துச் செல்லப்பட்டால் அன்றிரவே வழக்கறிஞருடன் காவல் நிலையம் செல்ல வேண்டும்.